டெர்மினல் கிறுக்குப் பிடித்தால்: ரீசெட்டா, எஸ்டிடிஒய் சேனா, விண்டோவை மூடுவதா?

கட்டளைகளைத் தட்டி வேலை வாங்கும் டெர்மினல் விண்டோவில் ஒரு நிரலை விட்டு வெளியே வந்ததும், அடுத்த கட்டளைக்குக் காத்திருக்கும் பிராம்ப்ட் வழக்கம்போல நிற்கிறது, ஆனால் தட்டுவது எதுவும் திரையில் விழவில்லை. என்டர் அடித்தால் கட்டளை மட்டும் ஓடி விடை வந்து விழுகிறது. இன்னொரு நாள் வரிகள் இடது ஓரத்துக்குத் திரும்பாமல் படிக்கட்டு மாதிரி வலப்பக்கமாக இறங்கிக்கொண்டே போகின்றன. வேறொரு நாள் மவுஸை லேசாக அசைத்தாலே எண்களும் அரைப்புள்ளிகளுமாகக் குப்பை கொட்டுகிறது. லினக்ஸில் நாலு மாதம் வேலை பார்த்த எவருக்கும் இதில் ஒன்றாவது நடந்திருக்கும்.

நடந்தவுடன் கை போகும் இடம் இரண்டே. விண்டோவை மூடிவிட்டுப் புதிதாகத் திறப்பது, இல்லையென்றால் யாரோ சொல்லிக்கொடுத்த ரீசெட் கட்டளையைக் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பது. இரண்டும் வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு முறை மூன்று மணி நேரம் ஓடிய தரவு இடமாற்றத்தின் பிழைச் செய்திகள் திரையில் இருக்கும்போதே நான் ரீசெட் அடித்து அத்தனையையும் துடைத்துவிட்டு, எந்த வரியில் நின்றது என்றே தெரியாமல் மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். போயிருந்தது எகோ, அதாவது தட்டுவதைத் திரையில் காட்டும் வசதி மட்டும்தான். எட்டு எழுத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயம். அதற்கப்புறம்தான் எதற்கு எது என்று பிரித்துப் பார்க்க ஆரம்பித்தேன்.

டெர்மினல் என்று நாம் ஒற்றைப் பெயரில் சொல்வது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று, இயக்குதளத்தின் மையமான கெர்னலுக்குள் இருக்கும் டிடிஒய். தட்டிய எழுத்தைத் திரைக்குத் திருப்பி அனுப்புவதா, என்டர் வரும்வரை வரியைப் பிடித்து வைப்பதா, கண்ட்ரோல் சி வந்தால் நிரலை நிறுத்துவதா, வரி முடிந்ததும் கர்சரை இடது ஓரத்துக்குக் கொண்டுவருவதா என்பதெல்லாம் அங்கே சின்னச் சின்ன சுவிட்சுகளாக இருக்கின்றன. இன்னொன்று, நீங்கள் கண்ணால் பார்க்கும் எமுலேட்டர். நிறம், கர்சர் தெரிவதா மறைவதா, எந்த எழுத்துத் தொகுதியில் வரைவது, விம் போன்ற உரைத்தொகுப்பிகள் பயன்படுத்தும் மாற்றுத் திரை, மவுஸ் அசைவை நிரலுக்குச் சொல்வதா வேண்டாமா என்பதெல்லாம் அதன் பொறுப்பு. முதலாவதை நிரல்கள் கெர்னலிடம் கேட்டு மாற்றுகின்றன. இரண்டாவதை எஸ்கேப் வரிசைகளை, அதாவது எஸ்கேப் எழுத்தில் தொடங்கி எமுலேட்டருக்கு ஆணையிடும் எழுத்துகளை, அச்சிட்டு மாற்றுகின்றன. ஒழுங்காக வெளியேறும் நிரல் இரண்டையும் பழையபடி வைத்துவிட்டுப் போகும். கில் -9 கட்டளையால் வலுக்கட்டாயமாகக் கொல்லப்பட்ட நிரலுக்கு அந்த அவகாசம் கிடையாது. தொலைவுக் கணினிக்குப் போகும் எஸ்எஸ்எச் இணைப்பு நடுவில் அறுந்தால் அந்தப் பக்கம் ஓடிய நிரல் அனுப்ப நினைத்த கடைசி எஸ்கேப் வரிசை உங்கள் எமுலேட்டருக்கு வந்து சேரவே சேராது.

இந்தப் பிரிவு புரிந்துவிட்டால் பாதி முடிவு ஆகிவிட்டது. தட்டுவது தெரியவில்லை, படிக்கட்டு விழுகிறது, கண்ட்ரோல் சி வேலை செய்யவில்லை, பேக்ஸ்பேஸ் அடித்தால் தொப்பிக் குறியோடு ஏதோ அச்சாகிறது என்றால் கெர்னல் பக்கம். எழுத்துகள் கோடு கோடாக மாறிவிட்டன, கர்சரைக் காணோம், நிறம் ஒட்டிக்கொண்டது, மவுஸ் குப்பை, ஒட்டும் வாசகத்தின் முன்னும் பின்னும் 200, 201 என்று ஏதோ வால் தொங்குகிறது என்றால் எமுலேட்டர் பக்கம்.

கண்ட்ரோல் எல், கிளியர் இரண்டையும் இங்கேயே தள்ளிவிடுகிறேன். அவை திரையைத் துடைக்கும், அவ்வளவுதான். கெர்னல் சுவிட்ச் ஒன்றையும் தொடாது, மவுஸ் குப்பையையும் நிறுத்தாது. போதாததற்கு, மேலே உருட்டிப் பார்க்கக்கூடிய பழைய வரிகளையும் கிளியர் பல எமுலேட்டர்களில் சேர்த்தே அழித்துவிடும். கெட்டுப்போன டெர்மினலில் கிளியர் அடிப்பது தடயத்தை மட்டும் அழிப்பது.

அடுத்தது எஸ்டிடிஒய் சேன். எனக்கு எப்போதும் முதல் தேர்வு இதுதான். எஸ், டி, டி, ஒய் என்று நாலு எழுத்து, ஒரு இடைவெளி, அப்புறம் எஸ், ஏ, என், ஈ. இது கோர்யூட்டில்ஸ் தொகுப்பில் இருப்பதால் எந்தச் சர்வரில் நுழைந்தாலும் பெரும்பாலும் கிடைக்கும். எகோ, வரிச் சேர்ப்பு, கண்ட்ரோல் சி, வரி முடிவு மாற்றம் என்று எல்லாவற்றையும் புத்தியுள்ள நிலைக்குக் கொண்டுவரும், கண் இமைக்கும் நேரத்தில் முடியும், முக்கியமாகத் திரையில் இருக்கும் ஒரு வரியையும் தொடாது. எகோ போயிருக்கும்போது நீங்கள் அடிப்பது உங்களுக்கே தெரியாது என்பதுதான் ஒரே தொல்லை. நம்பிக்கையோடு அடியுங்கள். ஏற்கெனவே வரியில் ஏதாவது அரைகுறையாகத் தட்டியிருப்பீர்கள் என்று சந்தேகமிருந்தால் முதலில் ஒரு கண்ட்ரோல் சி அல்லது கண்ட்ரோல் யு அடித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

என்டரே எடுபடாத நிலையும் உண்டு. என்டர் விசை அனுப்புவது கேரேஜ் ரிட்டர்ன், நிரல்கள் எதிர்பார்ப்பது லைன் ஃபீட். ஒன்றை மற்றொன்றாக மாற்றிக்கொடுக்கும் சுவிட்ச் அணைந்துவிட்டால் என்டர் அடித்ததும் தொப்பி போட்ட ஒரு எம் மட்டும் அச்சாகும். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்களில் ஒன்றான பாஷ் தன் பிராம்ப்டில் விசைகளைத் தானே கையாள்வதால் அங்கே இது பெரும்பாலும் தெரியாது, எளிய ஷெல்களிலோ ஒரு நிரல் உள்ளீடு கேட்கும்போதோ தெரியும். அப்போது என்டருக்குப் பதில் கண்ட்ரோல் ஜே அடித்தால் போதும், அதுவே லைன் ஃபீட். டெலிடைப் இயந்திரத்தில் தலையை இடது ஓரத்துக்கு இழுப்பது ஒரு வேலை, காகிதத்தை ஒரு வரி நகர்த்துவது வேறு வேலை. அந்தப் பழைய பிரிவினைதான் இன்றும் படிக்கட்டாக வந்து நிற்கிறது.

சேனுக்கும் குறை உண்டு. அது உங்கள் அமைப்பைத் திருப்பித் தருவதில்லை, தனக்குச் சரி என்று பட்ட பொதுவான ஒன்றைத் தருகிறது. நிரலை நிறுத்த கண்ட்ரோல் சிக்குப் பதில் வேறு விசையை வைத்திருப்பவர்களுக்கு சேன் அதை மறுபடி கண்ட்ரோல் சியாகவே ஆக்கிவிடும். இன்னொன்று நம்மைப் போலத் தமிழில் தட்டுபவர்களைக் கடிக்கும்: பல கணினிகளில் இருக்கும் பதிப்பில் சேன் என்பது ஐயூடிஎஃப்8 என்ற சுவிட்சையும் அணைக்கிறது. அது அணைந்திருந்தால், கெர்னலே பேக்ஸ்பேஸைக் கவனிக்கும் இடங்களில் ஒரு அழுத்தத்துக்கு ஒரு பைட்தான் அழியும். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். ஆக, ஒரு தரம் பேக்ஸ்பேஸ் அடித்துவிட்டு என்டர் தட்டினால் உடைந்த எழுத்து நிரலுக்குள் போய்ச் சேரும், பிறகு ஏன் தேடல் பொருந்தவில்லை என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். சேன் அடித்த கையோடு எஸ்டிடிஒய் ஐயூடிஎஃப்8 என்று இன்னொரு தரம் அடித்துவிட்டால் சரி.

இதைவிட நல்ல வழி, நல்ல நிலையில் இருக்கும்போதே எஸ்டிடிஒய் -ஜி என்ற கட்டளையின் விடையை ஒரு மாறியில் போட்டு வைப்பது. முக்கால்புள்ளிகளோடு நீளமாக ஒரு வரி தரும். அதை அப்படியே எஸ்டிடிஒய்க்குத் திருப்பிக் கொடுத்தால் அச்சு அசலாக உங்கள் பழைய அமைப்பு வந்துவிடும். ஷெல் தொடங்கும்போது ஓடும் கோப்பில் இதை எழுதி, மீட்டெடுக்க ஒரு சின்ன ஏலியாஸும் (கட்டளைக்கு நாமே வைக்கும் சுருக்கப் பெயர்) வைத்துக்கொண்டால் சேனுடைய குறை எதுவும் உங்களை அண்டாது.

சரி, ரீசெட். இது என்கர்சஸ் தொகுப்பைச் சேர்ந்தது. கெர்னல் சுவிட்சுகளையும் சீர் செய்யும், உங்கள் டெர்மினல் வகைக்கு உரிய மீட்டமைப்பு எஸ்கேப் வரிசைகளையும் அனுப்பும். இரண்டு பக்கமும் ஒரே அடியில் சரியாகும். எந்தப் பக்கம் கெட்டது என்று யோசிக்க விருப்பமில்லாதவருக்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. விலை என்ன? திரை போய்விடும், எமுலேட்டரைப் பொறுத்து மேலே உருண்ட வரிகளும் போகலாம். அடித்தபின் ஒரு விநாடி சும்மா நிற்கும். வன்பொருள் டெர்மினல்கள் மீட்டமைந்து மூச்சு விட நேரம் வேண்டும் என்று வைத்த காத்திருப்பு அது, அந்த இயந்திரங்கள் போய்ச் சேர்ந்தபின்பும் காத்திருப்பு மட்டும் தங்கிவிட்டது. அப்புறம், டெர்ம் என்ற சூழல் மாறியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை நம்பித்தான் ரீசெட் வேலை செய்கிறது. தொலைவுச் சர்வருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டால் உங்களிடமே டெர்மினல் வகை என்ன என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும், அதுவும் எகோ இல்லாத திரையில்.

டிபுட் ரீசெட் அதன் தம்பி. டி, பி, யூ, டி. ஒரு விநாடிக் காத்திருப்பு இல்லாமல் அதே எஸ்கேப் வரிசைகளை அனுப்பும். என்கர்சஸின் புதிய பதிப்புகளில் கெர்னல் பக்கத்தையும் சரிசெய்கிறது, பழையவற்றில் எமுலேட்டர் பக்கம் மட்டும். ஆகவே பழைய சர்வர் ஒன்றில் இதை அடித்தும் எகோ வரவில்லை என்றால் ஆச்சரியப்பட வேண்டாம், சேனையும் சேர்த்து அடியுங்கள். எமுலேட்டரை மட்டும் முழுதாக மீட்டமைக்க இன்னும் நேரடியான வழி, எஸ்கேப் எழுத்தையும் அதை ஒட்டி ஒரு சின்ன சி எழுத்தையும் அச்சிடுவது. பிரின்ட்எஃப் கட்டளைக்கு ஒற்றை மேற்கோளுக்குள் பேக்ஸ்லாஷ், 033, சி என்று கொடுத்தால் ஆயிற்று. டெர்ம் மாறி தவறாக இருந்தாலும் இது வேலை செய்யும், அதுதான் இதன் பலம். திரை போவது மட்டும் இதிலும் உண்டு.

திரையில் இருப்பது வேண்டும், ஆனால் எமுலேட்டர் பக்கம்தான் கெட்டிருக்கிறது என்றால்? இங்கேதான் பெரும்பாலானோர் பொறுமை இழந்து ரீசெட்டுக்குப் போகிறார்கள், ஆனால் குறிவைத்து அடிக்கும் வழிகள் இருக்கின்றன, நினைவில் வைக்க வேண்டியதும் நாலைந்துதான். கர்சர் மறைந்துவிட்டதா, டிபுட் சிநார்ம், அதாவது சி, என், ஓ, ஆர், எம். விம் செத்துப்போய் மாற்றுத் திரையிலேயே மாட்டிக்கொண்டு மேலே உருட்ட முடியவில்லையா, டிபுட் ஆர்எம்கப், அதாவது ஆர், எம், சி, யூ, பி. நிறமோ தடித்த எழுத்தோ ஒட்டிக்கொண்டால் டிபுட் எஸ்ஜிஆர்0, கடைசியில் இருப்பது பூஜ்யம். மவுஸ் குப்பைக்கு எஸ்கேப், சதுர அடைப்பின் திறப்பு, கேள்விக்குறி, 1000, சின்ன எல் என்று பிரின்ட்எஃப் அடிக்க வேண்டும். சில நிரல்கள் 1002, 1003, 1006 ஆகியவற்றையும் போட்டிருக்கும், நாலையும் ஒரே வரியில் அணைத்துவிடுவது நல்லது. ஒட்டும்போது 200, 201 வால் வந்தால் அதே வடிவத்தில் 2004. பாஷ் 5.1 முதல் இந்த ஒட்டுமுறையைத் தானாகவே போட்டு எடுக்கிறது, அதனால் பழைய ஷெல்லுக்குள் நுழையும்போதுதான் இது கண்ணில் படுகிறது.

எழுத்துகள் கோடாக மாறும் கதையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். பைனரிக் கோப்பு ஒன்றைத் தெரியாமல் கேட் கட்டளையால் திரையில் கொட்டிவிடுகிறீர்கள். உள்ளே எங்கோ எழுத்துத் தொகுதியை மாற்றச் சொல்லும் பைட்டுகள் இருக்கின்றன. 1978இல் வந்த விடி100 டெர்மினல் பெட்டிகள், கோடுகள் வரைவதற்கென்று ஒரு தனித் தொகுதி வைத்திருந்தன. இன்றைய எமுலேட்டர்களும் அதை விடாமல் பின்பற்றுகின்றன. அந்தத் தொகுதியில் சின்ன ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் கோடுகள் உட்கார்ந்திருக்கின்றன, பெரிய எழுத்துகளும் எண்களும் மாறுவதில்லை. ஆகவே பெரிய எழுத்துகள் ஒழுங்காகவும் சின்ன எழுத்துகள் கோடாகவும் தெரிந்தால் கணினி கெடவில்லை, கோப்பு கெடவில்லை, தொகுதி மட்டும் மாறியிருக்கிறது. எஸ்கேப், திறக்கும் பிறை அடைப்பு, பெரிய பி என்று ஒரு பிரின்ட்எஃப் அடித்தால் இனிமேல் அச்சாகும் வரிகள் சரியாக வரும். நீங்கள் அடிக்கும் கட்டளை திரையில் கோடாகத் தெரிந்தாலும் ஷெல்லுக்குச் சரியாகவே போகிறது, பயப்படாதீர்கள்.

அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் எனக்கு மிகவும் பிடித்த வழி ஒன்று உண்டு: வெளியிலிருந்து சரிசெய்வது. கெட்ட விண்டோவில் எதுவும் தட்ட முடியவில்லை, ஆனால் உள்ளே ஒரு வேலை ஓடிக்கொண்டிருக்கிறது, மூட மனமில்லை. இன்னொரு விண்டோவில் பிஎஸ் கட்டளையால் அந்த ஷெல் எந்த பிடிஎஸ் எண்ணில், அதாவது எந்த டெர்மினல் எண்ணில், இருக்கிறது என்று பாருங்கள். 3 என்று வைத்துக்கொள்வோம். எஸ்டிடிஒய் -எஃப், அதையடுத்து டெவ் அடைவுக்குள் இருக்கும் பிடிஎஸ் 3இன் பாதை, கடைசியில் சேன். இது அந்த விண்டோவின் கெர்னல் சுவிட்சுகளை இங்கிருந்தே சரிசெய்யும். எஃப் பெரிய எழுத்து. எமுலேட்டர் பக்கம் கெட்டிருந்தால் மேலே சொன்ன பிரின்ட்எஃப் எதையும் அதே பாதைக்குத் திருப்பி விடலாம். இரண்டு விண்டோவும் ஒரே பயனருடையதாக இருந்தால் போதும்.

விண்டோவை மூடுவதில் எனக்குப் பெரிய கோபம் ஒன்றும் இல்லை. வெறும் ஷெல், பின்னணியில் எதுவும் ஓடவில்லை, எந்த அடைவில் இருந்தோம் என்பதும் முக்கியமில்லை என்றால் தாராளமாக மூடுங்கள், அதில் வெட்கம் எதற்கு. பின்னணி வேலைகள் இருந்தால்தான் சிக்கல், மூடும்போது அவற்றுக்கு ஹேங்அப் சிக்னல் போகும், பெரும்பாலானவை அங்கேயே சாகும். ஆனால் ஒன்று: அதே விண்டோவுக்குள் இன்னொரு பாஷ் திறந்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அது வீண் வேலை. டிடிஒய் அதேதான், எமுலேட்டரும் அதேதான், கெட்டது அப்படியே புது ஷெல்லுக்கும் வந்து சேரும்.

வராமல் தடுப்பது என்று பார்த்தால் ஷெல்லுக்கு ஷெல் வித்தியாசம். ஒரு கட்டளை சிக்னலால் செத்தால் கெர்னல் சுவிட்சுகளை பாஷ் தானே பழையபடி வைத்துவிடும். கட்டளை தானாக முடிந்து வெளியேறினால் அது விட்டுப்போன நிலையை அப்படியே ஏற்றுக்கொள்ளும். பிழை மாதிரி தோன்றும், பிழை அல்ல. எப்போதும் பழையபடி வைத்தால் எஸ்டிடிஒய் கட்டளைக்கே வேலை இல்லாமல் போய்விடுமே. அதனால்தான் எகோவை அணைத்துக் கடவுச்சொல் கேட்டுவிட்டு, நடுவில் பிழை கண்டு எக்சிட் 1 என்று நாகரிகமாக வெளியேறும் ஸ்கிரிப்ட்தான் கில் வாங்கியதைவிட அதிகமாக நம்மைப் படுத்துகிறது. அந்த ஸ்கிரிப்ட் உங்களுடையதாக இருந்தால், வெளியேறும்போது பழைய நிலையை மீட்கும் ஒரு டிராப் வரியை மேலேயே எழுதிவிடுங்கள். இசட் ஷெல்லில் டிடிஒய்சிடிஎல் -எஃப் என்று ஒரு வரி, இங்கே எஃப் சின்ன எழுத்து. அதற்குப்பின் எந்த நிரல் எதை மாற்றினாலும் பிராம்ப்ட் வரும்போது ஷெல் பழையதைத் திருப்பி வைத்துவிடும், வசதிதான், ஆனால் நீங்களே எஸ்டிடிஒய் மூலம் மாற்ற வேண்டுமென்றால் முதலில் -யூ கொடுத்து அவிழ்க்க வேண்டும், அதை மறந்துவிட்டு ஏன் மாறவில்லை என்று அரை மணி நேரம் தேடுவீர்கள். பின்னணியில் ஓட்டப்படும், வீடியோவை வடிவம் மாற்றும் எஃப்எஃப்எம்பெக் போல விசைகளைக் கேட்டுக்கொண்டே ஓடும் நிரல்களுக்கு உள்ளீட்டை எப்போதும் காலியாக இருக்கும் டெவ் நல்லிலிருந்து கொடுத்துவிட்டால் அவை டெர்மினலைத் தொடவே தொடாது.

ஒரே விண்டோவைப் பல பலகங்களாகப் பிரித்துத் தரும் டிமக்ஸுக்குள்ளேயே வாழ்வதும் ஒரு வழி. உள்ளே எந்தப் பலகம் கெட்டாலும் வெளி எமுலேட்டர் கெடாது, பலகத்தை மட்டும் சென்ட்-கீஸ் -ஆர் மூலம் மீட்கலாம். எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவில் டிமக்ஸ் ஓட்டி, இணைப்பு அறுந்தால் மட்டும் மவுஸ் குப்பை உங்கள் பக்கத்தில்தான் விழும், அதற்கு மேலே சொன்ன 1000, 1002 வகையறாதான் மருந்து.

எந்த மீட்டமைப்பாலும் தீராத இரண்டு இருக்கின்றன, அவற்றோடு மல்லுக்கட்ட வேண்டாம். திரை முழுதும் உறைந்து எதுவும் நகரவில்லை என்றால் கை தவறி கண்ட்ரோல் எஸ் அடித்திருப்பீர்கள், கண்ட்ரோல் க்யூ அடித்துப் பாருங்கள். நீளமான கட்டளை அடுத்த வரிக்குப் போகாமல் அதே வரியின் தலையில் வந்து ஏறுகிறது என்றால் விண்டோ அளவு ஷெல்லுக்குத் தெரியவில்லை, இல்லையென்றால் பிராம்ப்டின் வடிவத்தை வைத்திருக்கும் பிஎஸ்1 மாறியில் நிறம் போடும்போது அந்த எஸ்கேப் வரிசையைச் சுற்றி பேக்ஸ்லாஷோடு சதுர அடைப்புகள் போடவில்லை. ஆயிரம் ரீசெட் அடித்தாலும் பிஎஸ்1 மாறாது.

நான் செய்வது இதுதான்: தட்டுவது தெரியவில்லை என்றால் யோசிக்காமல் சேமித்து வைத்த எஸ்டிடிஒய் வரி, அது இல்லாத சர்வரில் சேன். தெரிவது கோணலாக இருந்தால் ஒரு நிமிடம் நின்று, திரையில் இருப்பது எனக்கு வேண்டுமா என்று பார்ப்பேன். வேண்டும் என்றால் குறிவைத்த பிரின்ட்எஃப். அதற்கும் முன்னால், மவுஸால் தேர்ந்தெடுக்க முடிகிற நிலையில் இருந்தால், திரையை அப்படியே நகலெடுத்து ஒரு கோப்பில் ஒட்டிவிடுவேன். வேண்டாம் என்றால் ரீசெட் அடித்துவிட்டு அந்த ஒரு விநாடி காத்திருப்பேன்.